மடிப்புக் கலையாத வேட்டி

“மதினி செஞ்சது ஒரு பொம்பளை செய்ற காரியமா அண்ணாச்சி? கட்டின புருஷன, அம்புட்டுப் பேரு முன்னால ‘வெளிய போங்க’ன்னு சொல்லலாமா?”

காளிராஜ் தறிக்கூடத்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் இரைச்சலைத் தாண்டி ஐயாதுரை வெளியே வந்தார்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் அந்தப் பேரூராட்சிக்கு முதல் பெண் தலைவி, ஐயாதுரையின் மனைவி பரிபூரணம். வந்த வேகத்தில் கோயில் தெரு ஆக்கிரமிப்பை இடித்தாள். சொந்தக் கட்சிக் கொடிக்கம்பத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரில் அவளைக் கும்பிடுகிறவர்கள் பாதி, திட்டுகிறவர்கள் பாதி.

திட்டுகிறவர்களின் வாய்க்குத் திங்கட்கிழமை அவலே கிடைத்தது.

அங்கே ஒரு வழக்கம். ஜெயித்தது மனைவி என்றாலும், மன்றக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுவது கணவன். கணவன்மார் வெளியே போக வேண்டும் என்று பரிபூரணம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை.

அதுவரை ஆபீஸ் வாசலையே மிதிக்காத ஐயாதுரை, அன்றைக்கு மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்து தலைவி பக்கத்தில் உட்கார்ந்தார். பரிபூரணம் மைக்கைப் பிடித்தாள்.

“நீங்க உறுப்பினர் இல்ல. வெளிய போங்க!”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். தலைவி வீட்டுக்காரரே போன பிறகு மற்றவர்கள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். காளிராஜ்தான் கடைசி ஆள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் டீக்கடை வரைக்கும் உங்க பேச்சுத்தான் அண்ணாச்சி. எனக்கு மனசே ஆறல.”

“ஒனக்கு என்னப்பா நட்டம்?”

“நாங்க வெளிய வந்த பொறவு எம் பொண்டாட்டி பாண்டிசெல்வி எந்திரிச்சு, எங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரலைன்னு கேட்டிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம!”

“தண்ணி வந்துச்சா?”

“அது... நேத்துலருந்து வருது.” காளிராஜின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சுதாரித்துக்கொண்டான். “அது கெடக்கட்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வாரோம். நீங்க வந்து ‘என்னைய அவமானப்படுத்திட்டா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மதினி பதவி போயிரும். பொம்பளைங்க ஓட்டெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்.”

“பாண்டிசெல்வி ஓட்டுமா?”

காளிராஜ் பேச்சை மாற்றினான். தண்ணீர் வந்ததிலிருந்து வீட்டில் அவன் பேச்சு அவ்வளவாக எடுபடவில்லை.

“அண்ணாச்சி, ஒங்களுக்கு ரோஷமே இல்லையா?”

“எந்திரிச்சு வாரதுக்குத்தானப்பா நான் அங்க போயி உக்காந்ததே!”

காளிராஜ் விழித்தான்.

“ஒங்க அம்புட்டுப் பேரையும் கெளப்பணும்னா, மொத ஆளு நம்ம வீட்டுலருந்து எந்திரிக்கணும்லா? முந்துன நாளே ரெண்டு பேரும் பேசி வச்சது. ‘ஊரு முன்னால ஒங்களைத் தலைகுனிய வைக்கணுமே’ன்னு அவதான் அழுதா. நான் தைரியம் சொன்னேன்.”

ஐயாதுரைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“காலையில அந்த வேட்டிய இஸ்திரி போட்டுக் குடுத்ததே அவதான்யா!”