முள்ளின் அந்தப் பக்கம்

ஊர் முழுவதும் போடப்பட்டிருந்த கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்படும் என்று தெருவை அடைத்திருந்த முள்ளுக்கு அப்பால் நின்ற ஜீப்பின் ஒலிபெருக்கி சொன்னது.

முதலில் முள்ளை எடுப்பார்கள். பிறகு பெண்களும் குழந்தைகளும் வெளியே வரலாம், கிரிவலப் பாதையைத் தாண்டக் கூடாது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

தமிழ்செல்வி முதல் வரிக்கு மேல் எதையும் காதில் வாங்கவில்லை. முள்ளை எடுத்தால் போதும். அடுத்த தெருவில்தான் அம்மா வீடு.

பெயர் தெரியாத அந்தக் காய்ச்சல் அடி அண்ணாமலை கிராமத்தில் முதலில் அவள் தெருவுக்குத்தான் வந்தது. மூன்றாவது சாவு விழுந்ததும் ஊர்க்காரர்களே வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து தெருவாயை அடைத்தார்கள். வெட்டிய அடிக்கட்டை ஊர்ப்பக்கம் இருந்தது. முள் நுனியெல்லாம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கொல்லைக்கு வேலி போடும் முறையே அதுதான். யார் தாண்டி வரக் கூடாதோ, அவர்கள் பக்கம் நுனி.

"பயிர மேஞ்சிடும்னு மாட்டுக்குப் போடுவாங்க. நம்மள மாடாக்கிட்டானுங்க பாருடி," என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள்.

அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

தெருவுக்குள் கடை கிடையாது. தமிழ்செல்வியின் கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டான். பொழுது சாயும்போது அவள் அம்மா கன்னியம்மாள்தான் சோறு கொண்டு வருவாள். தூக்குச்சட்டியைக் கவைக்கோலின் நுனியில் மாட்டி முள்ளுக்கு மேலே நீட்டுவாள். முள் இடுப்புயரம்தான் இருந்தது. மகள் சட்டியை எடுத்துக்கொண்டு முந்தின நாள் சட்டியை மாட்டும்வரை அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பாள்.

"இளைச்சிட்டியேடி," என்று ஒரு நாளும் தவறாமல் சொல்வாள்.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு கோல் வந்தது.

ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது முள் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. பச்சை வாடாத புது முள். ஊருக்கு நம்மைக் கண்டு பயம் இன்னும் முற்றிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தமிழ்செல்விக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் முள்ளின் தலைக்கு மேலே கோல் மட்டும் வந்தது. அதைப் பிடித்திருந்த கை தெரியவில்லை.

"யம்மா," என்று கூப்பிட்டாள்.

கோல் லேசாக ஆடியது. பதில் வர நேரமாயிற்று. வந்தபோது அது தம்பி கோபியின் குரலாக இருந்தது.

"அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சிக்கா. பேச முடியல."

குழம்பு வாயில் வைக்க முடியாமல் உப்புக் கரித்தது. மறுநாள் கோல் நீண்டபோது சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லுடா. உப்பு ரொம்ப ஜாஸ்தி."

"கம்மி பண்ணச் சொல்றேன்."

அடுத்த நாள் உப்பே இல்லை. அழுது அழுது அம்மாவுக்கு நாக்கு செத்துவிட்டது என்று தமிழ்செல்வி நினைத்துக்கொண்டாள்.

முள்ளுக்கு மேலே நீளும் கோல்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் எந்த வீட்டுக்கும் சட்டி வராமல் போகவில்லை. ஒரே கோல்தான் பின்வாங்குவதும் மறுபடி நீள்வதுமாக இருந்தது.

பௌர்ணமியும் வந்துபோனது. தெருவுக்குப் பின்னால்தான் கிரிவலப் பாதை. எப்போதும் விடிய விடியக் காலடிச் சத்தம் கேட்கும். இந்தப் பௌர்ணமிக்கு ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஜனங்களைத் தடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள் வெள்ளையம்மாள்.

இப்போது ஜீப் போய்விட்டது. தெருவே முள்ளின் முன்னால் கூடி நின்றது.

தமிழ்செல்வி தூக்குச்சட்டியைத் துலக்கி, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு எடுத்து வந்திருந்தாள். இத்தனை நாளும் அதை வெறுமனேதான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இன்றைக்காவது அம்மா கையில் வெறும் சட்டியைக் கொடுக்கக் கூடாது.

அந்தப் பக்கம் ஊரே திரண்டிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஓர் ஆள் முள்ளை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. கிளை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வர மறுத்தது.

தமிழ்செல்வி பொறுக்க மாட்டாமல் முன்னே போனாள். முள் குத்தாமல் இருக்க முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கிளையைப் பிடித்தாள்.

குத்தவில்லை.

பிடியில் அகப்பட்டது தடித்த அடிக்கட்டை. பக்கத்துக் கிளையைத் தொட்டாள். அதுவும் அடிக்கட்டை. புதிதாகப் போட்ட முள் முழுக்க நுனியை ஊர்ப்பக்கம் வைத்துப் போட்டிருந்தது.

வெள்ளையம்மாளும் அதைப் பார்த்தாள்.

தமிழ்செல்வி இழுத்தாள். இந்தப் பக்கத்திலிருந்து சுலபமாக வந்தது.

வழி திறந்தது. எதிரே டீக்கடை மூடிக் கிடந்தது. அதற்கப்பால் வீட்டுக்கு வீடு நிலைப்படியில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. எந்த வாசலிலும் கோலம் இல்லை.

கோபி கவைக்கோலை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றான். அவன் முன்கை இரண்டிலும் முள் கிழித்த கோடுகள் காய்ந்து கறுத்திருந்தன. தலையில் துண்டு கட்டியிருந்தான். துண்டுக்குக் கீழே காதோரம் முடி இப்போதுதான் முளைவிட்டிருந்தது.

அவள் அவனுக்குப் பின்னால் பார்த்தாள். சட்டி இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"நேத்து உப்பு சரியா இருந்துச்சாக்கா?" என்று கேட்டான்.