தனிச் சட்டி

"எனக்கு மட்டும் எதுக்கும்மா தனிச் சட்டி?"

சிவபாண்டியின் குரல் மீன் கடை முழுக்கக் கேட்டது. பக்கத்துப் பெஞ்சில் பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது பாண்டிமீனாவின் பொரிச்ச மீன் கடை. பெரிய சட்டியில் எண்ணெய் கொதிக்க, மசாலா தடவிய துண்டுகள் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் அதிலிருந்துதான். சிவபாண்டிக்கு மட்டும் ஓரத்து அடுப்பில் இருந்த சின்னச் சட்டியிலிருந்து நாலு துண்டு எடுத்துத் தட்டில் வைத்திருந்தாள்.

"சாப்பிடுங்கண்ணே. உங்களுக்கு அதுதான்" என்றாள் பாண்டிமீனா.

நியாயப்படி பார்த்தால் சிவபாண்டி இங்கே வாயே திறக்கக் கூடாது. அவருக்கு ஊர் கப்பலூர்ப் பக்கம். அம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி இன்றோடு ஆறு நாள். மகள் முத்துமீனாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் நிறைமாதம். பிரசவம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். கையில் மஞ்சள் கயிறு ஏறினால் அது இறங்குகிற வரை பதினைந்து நாளைக்குக் கவுச்சி ஆகாது.

போதாக்குறைக்கு அவர் விழாக் கமிட்டிச் செயலாளர் வேறு. முட்டை பப்ஸ் தின்ற ஆண்டிச்சாமியை, "நீ சட்டி எடுத்தா ஊருக்கே ஆகாதப்பா" என்று முந்தாநாள் விரட்டிவிட்டவரே இவர்தான்.

ஆனால் நாக்கு கமிட்டிக்குக் கட்டுப்படுமா? ஆறு நாள் ரசமும் அப்பளமும் தின்று, கனவில்கூட விளைமீன் வர ஆரம்பித்துவிட்டது. பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டையை மாட்டி, மணிக்கட்டுப் பொத்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, தெரிந்த முகம் இருக்காதென்று ஸ்கூட்டரில் இத்தனை தூரம் வந்திருக்கிறார்.

அவ்வளவு பாடுபட்டு வந்தவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். மாவு மாவாக இருந்தது. வாசமே இல்லை.

அவருக்கு விளங்கிவிட்டது. புது ஆள் என்று தெரிந்ததும் பழைய மீனைத் தள்ளிவிடுகிறாள்.

"ஏம்மா, இது எத்தனை நாள் ஐஸ்ல கிடந்தது?"

"இன்னைக்குக் காலையில வந்ததுண்ணே. பேசாம சாப்பிடுங்க."

"அந்தப் பிள்ளைக தட்டுல இருக்குல்ல, அதுல ஒண்ணு எனக்கு வை."

"அது உங்களுக்கு வேணாம்ணே."

"ஏன், நான் தின்னா எறங்காதா?"

பாண்டிமீனா பெரிய சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டாள். அவள் பேசாமல் இருக்க இருக்க இவருக்குக் கோபம் ஏறியது. அதற்குள் நாலு துண்டும் காலியாகியிருந்தது வேறு விஷயம்.

"வெளியூர்க்காரன்னா இளக்காரமாப் போச்சு. இரு, வீடியோ எடுத்துப் போடுறேன். ஊரே பாக்கட்டும் உன் சின்னச் சட்டிய."

எச்சில் கையென்றும் பாராமல் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

பாண்டிமீனா கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். மேசையைத் துடைப்பதுபோலக் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, மொதல்ல கைய எறக்குங்க. சட்டை ஏறிக்கிருச்சு. மஞ்சக் கயிறு தெரியுது."

சிவபாண்டியின் கை தானாக இறங்கியது.

"நீங்க கை கழுவையிலயே பாத்துட்டேன்."

அத்தனை நேரம் இருந்த வீறாப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"தங்கச்சி, எம்மகளுக்காக நேந்தது. இன்னைக்கோ நாளைக்கோன்னு ஆஸ்பத்திரியில கிடக்கா. நாக்க அடக்க முடியாம வந்துட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாவி நான்தான்."

"ஒண்ணும் ஆகாது. நீங்க தின்னது வாழைக்காய்."

"என்னது?"

"வாழைக்காய்ணே. மீன் மசாலா தடவி, வேற எண்ணெயில பொரிச்சது. காப்புக் கட்டுனவுகள வேணாம்னு திருப்பி அனுப்புனா அடுத்த கடையில போய்த் தின்னுருவாக. அப்புறம் வீட்டுல உக்காந்து மருகுவாக. அதான் அந்தச் சட்டி. இம்புட்டுப் பேருக்கு முன்னாடி இத எப்படி நான் வாய் விட்டுச் சொல்ல?"

சிவபாண்டி காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கும்பிட்டும் விட்டார்.

"தாயி, இது வெளிய தெரியக் கூடாது. நான் கமிட்டிச் செயலாளர்."

"தெரியும்ணே. பஸ் ஸ்டாண்டு வாசல்ல உங்க திருவிழா பிளெக்ஸ்ல கமிட்டிக்காரவுக எல்லாரும் இதே மாதிரிதான கும்பிட்டு நிக்கிறீக."

ஆரப்பாளையம் வரைக்கும் பிளெக்ஸ் வைத்தே ஆக வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவர்தான்.

"என் ஒருத்தனுக்காக இம்புட்டுச் சிரமப்பட்டிருக்கியேம்மா" என்றார் தழுதழுத்து.

"ஒருத்தருக்குன்னா தனி அடுப்பு எதுக்குண்ணே?" பாண்டிமீனா குரலை இன்னும் தாழ்த்தினாள். "அந்த பிளெக்ஸ்ல நிக்கிற ஒம்பது பேருல, இன்னைய வரைக்கும் வராம இருந்தது நீங்க ஒருத்தர்தான்."