ஸ்பானிஷில் ஒரு காபி

“ஏய்... காபி என்னாச்சு?”

சோபாவிலிருந்து குரல் பறந்தது. சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் தொடர்ந்தது.

“உன்னைத்தான்! காது கேக்கலயா?”

“நல்லாவே கேக்குது. ஆனா நம்ம பொண்ணு ஊர்க் கடையில இப்படிக் கத்தினா காபி வராது. வெளியே போன்னு சொல்லிடுவாங்க” என்றாள் மனைவி.

சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டார். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் சூப்பர்வைசர்தான். வேலை போயிற்றே தவிர விரட்டல் போகவில்லை. மில்லில் ஒரு ஷிப்டே சேர்ந்து வாங்கிக்கொண்டிருந்த விரட்டலை இப்போது மனைவி ஒருத்தி தனியாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

மகள் வாழ்க்கைப்பட்ட நாட்டில் பேச்சு எல்லாம் ஸ்பானிஷ்தான். அவளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. குடிக்க ஏதாவது கேட்டு வாங்குகிற அளவுக்காவது பாஷை தெரிய வேண்டாமா என்று ஆரம்பித்து வைத்தவள் மனைவிதான். அவர் முதலில் மசியவில்லை.

“நம்ம சம்பந்தி போன வருஷம் போயிட்டு வந்தாரே, கடையில எது வேணும்னாலும் விரலைத்தான் நீட்டினாராம். மாப்பிள்ளைக்கு ஒரே வெக்கமாப் போச்சாம்” என்று அவள் மெல்லப் போட்டு வைத்தாள்.

அவ்வளவுதான். அன்று மாலையே செல்போனில் பாடம் ஏறிவிட்டது. சம்பந்தி விரலை நீட்டிய அதே கடையில் தான் வாயைத் திறந்து அசத்த வேண்டும், அந்தச் செய்தி சம்பந்தியின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

இப்போதும் அதை நினைத்துத்தான் சோபாவை விட்டு எழுந்தார். சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

“புவேனோஸ் தியாஸ்.”

“வெறும் வணக்கம்தானா? எதிர்ல நிக்கிறவங்களை அம்மான்னு கூப்பிட வேணாமா?”

“புவேனோஸ் தியாஸ், செஞோரா. ஊன் கஃபே.”

மனைவி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அதான் கேட்டாச்சுல்ல? கொண்டா!”

“இதுக்குப் பேரு கேக்கறது இல்ல, அதட்டறது. தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தை படிச்சீங்களே, அது எங்க?”

“ஊன் கஃபே... போர் ஃபவோர்.”

காபி வந்தது.

“கிராசியாஸ்” என்று நன்றியையும் அவரே சேர்த்துக்கொண்டார். சொல்லும்போது துளிக்கூடக் கூச்சமில்லை. அம்மா, தயவுசெய்து, நன்றி என்று இதையே தமிழில் சொல்லியிருந்தால் குடும்பத்தலைவர் பதவி என்ன ஆவது? ஸ்பானிஷில் சொன்னால் அது படிப்பு. படிப்பில் என்ன மானக்கேடு?

மனைவியின் முகம் மலர்ந்திருந்தது. தன் உச்சரிப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

“குடிச்சிட்டுக் கப்பைக் கொண்டுவந்து இங்க வச்சிடுங்க. அங்க அப்படித்தானாம்.”

“இதுவும் பாடத்துல இருக்கா?”

“அடுத்த பாடத்துல வருதாம்.”

வைத்தார். கழுவுவது அதற்கும் அடுத்த பாடத்தில் வந்தது.

நாளாக ஆக அவருக்கே தன்மேல் மரியாதை கூடிவிட்டது. மோரை ஒரு மாதிரி, வெந்நீரை ஒரு மாதிரி, குனிந்தும் குழைந்தும் கேட்கப் பழகிவிட்டார். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்துகொண்டு, “பாஷை எல்லாம் அப்புறம் சார். முதல்ல மனுஷனுக்குப் பணிவு வேணும்” என்று ஊருக்கே உபதேசம் செய்தார். அப்படிச் சொல்லிவிட்டு, “டேய், கிருதாவைப் பார்த்து வெட்டுடா” என்று கடைக்காரரை அதட்டவும் அவர் மறக்கவில்லை. பாவம், அது தமிழாயிற்றே.

பயணத்துக்கு முந்தின நாள். முடி வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் கூடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு பெட்டிதான் கட்டித் தயாராக நின்றது. விசா, டிக்கெட் போன்ற சில்லறை வேலைகளில் அவர் தலையிடுவதே இல்லை. ஆனாலும் பெட்டி என்று ஒன்று வேண்டாமா?

“என் பெட்டி எங்க?”

“உங்களுக்கு எதுக்குப் பெட்டி? பிரசவத்துக்கு நான் மட்டும்தானே போறேன்” என்றாள் மனைவி, பெட்டியைப் பூட்டியபடியே.

சம்பந்தியின் நீட்டிய விரல் சூப்பர்வைசரின் கண்முன்னால் வந்து ஆடியது.

“என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே?”

“பாஷை தெரிய வேணாமான்னு கேட்டேன். நீங்களும் வர்றீங்கன்னு நான் எப்ப சொன்னேன்?”

“அப்ப நான் எதுக்குடி இவ்வளவு நாளா உருப்போட்டேன்?”

அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்க் கதவைத் திறந்தாள். கையில் பையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தாள். சமையலுக்கு வந்தவள். உள்ளே காலெடுத்து வைக்காமல் சூப்பர்வைசரை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

“நீங்க கேட்டீங்கன்னுதாம்மா வந்தேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப இவருக்குச் சமைக்க வந்து, மூணாம் நாளே அழுதுட்டு ஓடினவ நான். இப்பவும் அதே ‘ஏய்’தானா?”

“இல்லம்மா, தைரியமா உள்ள வாங்க, நல்லாப் பழக்கி வச்சிருக்கேன்” என்றாள் மனைவி. “என்ன, அவர் கேக்கறது உங்களுக்குப் புரியாது. கடைசியில ‘போர் ஃபவோர்’னு வருதான்னு மட்டும் பாருங்க. வந்தாக் காபியைக் குடுங்க, வரலைன்னா அடுப்பை அணைச்சிட்டு உங்க வீட்டுக்குப் போயிடுங்க!”