உச்சியில் வெள்ளைக் கல்

“வழிகாட்ட நீங்க அடுக்கி வெச்ச கல்லுதாண்ணே என்னைக் காப்பாத்துச்சு! பனிமூட்டத்துல வழியே தெரியல” என்றாள், மலைக் கணவாயில் தனியாக நடந்துவிட்டு வந்தவள். முதுகு மூட்டையை இறக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

வனக்காவலர் கட்டுப்போட்ட காலைக் காட்டினார். “இந்தக் காலோட நான் எங்கம்மா போறது? சீசனே தொடங்கல. இந்த வருஷம் மேல போன முதல் ஆளே நீதான்.”

“அப்போ பாலத்துக்கு முன்னாடி இடதுபக்கம் திருப்பிவிட்டது யாரு? அந்தக் கல் அடுக்கோட உச்சியில வெள்ளைக் கல்லு இருந்துச்சே!”

அவர் முகம் வெளிறியது. “வெள்ளைக் கல்லு வைக்கிறவன் என் தம்பி. போன வருஷம் பாலம் இடிஞ்சப்போ அதோட போயிட்டான். அதுவரைக்கும் அங்க இடதுபக்கம் திருப்பிவிடுற கல்லே கிடையாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இருக்கட்டும்மா, அந்தக் கல்லு இருக்கிறவரைக்கும் அடுத்து வர்றவங்களும் பொழைச்சுக்குவாங்க.”

சட்டைப்பைக்குள் போன அவள் கை அப்படியே நின்றது. அந்த அடுக்கிலிருந்து ஞாபகத்துக்கு எடுத்துவந்த வெள்ளைக் கல் இன்னும் ஈரமாக இருந்தது.

நீங்களாக இருந்தால், திரும்பப் போய் வைப்பீர்களா?