மலையேறும் நேரம்

கிறகரி சவப்பெட்டியை நெருங்குமுன் யோகராணி அவனை மறித்துவிட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. ராகுகாலத்துக்கைதானே வெளிக்கிட்டனீங்கள்?"

மரணச்சடங்கு மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அதுவரை, தங்கள் வில்லரே வட்டாரத்தில் முப்பது வருடம் வாசல் பனி வழித்த அனுபவத்தில், ஆளாளுக்கு மலைப்பனி பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கிறகரியும் யோகராணியின் மகன் பிரணவனும் ஒன்றாகத்தான் ராக்கி மலைக்குப் பனியில் சறுக்கப் போனார்கள். அங்கே பனி சரிந்து இருவரையும் மூடியது. திரும்பும்போது ஒருவன் கையில் கட்டோடு ஜன்னலோர இருக்கையில் வந்தான். மற்றவன் அதே விமானத்தில், பெட்டிகள் போடும் அடித்தட்டில்.

பிரெஞ்சில் மூன்றே மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்காரர்களை அழவைத்தவள் யோகராணி. மகனின் சாவையும் சொன்ன விலைக்கு எடுக்க அவள் தயாரில்லை.

அன்று காலை மலையடியிலிருந்து அவன் அழைத்தபோது, ராகுகாலம் கழியட்டும், பேந்து ஏறு என்று சொன்னவள் அவள்தான். சொல்லைக் கேட்காமல் செத்திருந்தால், அது அவன் விதி.

கேட்டதால் செத்திருந்தால்?

அந்தக் கேள்வியோடு அவளால் வீட்டுக்குப் போக முடியாது. கிறகரி அவள் கண்களைப் பார்த்தான்.

"ஓம் அன்ரி. ராகுகாலத்துக்கைதான்."

பொய்.

ராகுகாலம் முழுவதையும் இருவரும் காருக்குள், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு கழித்தார்கள். கிறகரி மாதா கோயில்காரன். அவனுக்கு ராகுவும் ஒன்றுதான், கேதுவும் ஒன்றுதான். போவோமடா என்று கெஞ்சினான். இந்த மாதத்துப் பனி இரவில் கல்லாக இறுகிக் கிடக்கும். வெயில் ஏற ஏற உருகிய நீர் உள்ளே இறங்கும், அடியில் பிடி விட்டுப் பனி மொத்தமாகச் சரியும். அதற்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும்.

அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றான் பிரணவன்.

இவர்கள் ஏறும்போது மற்றவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் நின்று, சூரியனைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

யோகராணியின் முகம், பேரம் படிந்த முகமாக மெல்லத் தளர்ந்தது. ஆனால் அவள் எந்தப் பேரத்தையும் ஒரு கேள்வியோடு விட்டதில்லை.

"ஆர் வெளிக்கிடச் சொன்னது?"

பெட்டிக்குள் பவுடர் பூசிக் கிடந்தவன்மேல் பழியைப் போடக் கிறகரிக்கு மனம் வரவில்லை.

"நான்தான்."

அவள் அறைந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"மாதா கோயில் வேதக்காரப் பெடியனோடை திரியாதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனே ராசா!" என்று பெட்டியின்மேல் விழுந்தாள். சிலர் கிறகரியிடமிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள்.

யோகராணியின் தங்கை துஷாந்தினி எழுந்து நின்றாள். அவளுடைய மகன் சாரங்கன் ராக்கி மலைக்குப் பக்கத்தில், கல்கரியில் வேலை செய்கிறான். ஓய்வு கிடைத்தால் அவனும் மலைதான். அங்கேயே கைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்கும் மலைக்குத்தானே? ராகுகாலம் முடியாமல் கால் வைச்சியோ, அம்மா உயிரோடை இருக்கமாட்டன். பெரியம்மா வீட்டை நடந்ததைப் பாத்தனிதானே!"

"வெயில் வந்தாப் பிறகு ஏறக்கூடாதம்மா, பனி..." என்று தொடங்கினான் அவன்.

துஷாந்தினி அழத் தொடங்கினாள்.

கிறகரி வாயைத் திறந்தான்.

பெட்டியிலிருந்து முகத்தை உயர்த்தி யோகராணி அவனைப் பார்த்தாள்.

அவன் மூடிக்கொண்டான்.

"சரி, சரி, அழாதைங்கோ," என்றது கைபேசி. "ராகுகாலம் கழியுமட்டும் நிண்டே போறன்."