தெருமுனை வரை வந்த வீடு

இன்று காலை நாங்கள் காலி செய்த வீடு, சாமான் ஏற்றிய டெம்போவுக்குப் பின்னாலேயே தெருமுனை வரை நடந்து வந்தது. வெறும் மனையில் நின்று பழைய ஓனர் ஓர் அதட்டல் போட்ட பிறகுதான், மாடிப்படியைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனது.

புது வீட்டு ஓனர் தணிகாசலத்திடம் இதைச் சொன்னேன்.

"ரிட்டயர் ஆனதிலேருந்து இவர் இப்படித்தான் சார்," என்றாள் என் மனைவி தில்லைநாயகி. கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, டெம்போவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வந்தவள் அவள்தான்.

தணிகாசலம் சிரித்துக்கொண்டே வாடகை ஒப்பந்தத்தை நீட்டினார். பதினோரு மாதம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கேட்டால் காலி செய்துவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே காகிதம்தான், ஓனர்தான் மாறுகிறார். நான் கையெழுத்துப் போட்டேன். தில்லை பேனாவைத் தொடவில்லை. அசதியில் சுவரில் சாய்ந்தவள், சூடு பட்டதுபோல் விலகிக்கொண்டாள்.

"மூணு வருஷமாவது போடுங்க சார். இல்லேன்னா இந்த டெம்போவிலேயே கிளம்பிடறோம்."

"பதினோரு மாசம் எல்லாரும் போடறதுதானேம்மா. இதுல என்ன பயம்?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அது வந்துச்சு சார்," என்றாள். "நான்தான் டிரைவர வேகமாப் போகச் சொன்னேன்."