வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

ஒரு ஊர்ல ரெண்டு வூடு இருந்துச்சாம். நடுவுல ஒரு ஓலை வேலி இருந்துச்சாம். வேலிக்கு மேலே குழம்பு போகுமாம், காப்பித்தூள் வருமாம். ஒரு நாள் பேச்சு நின்னுச்சாம், எல்லாமே நின்னுச்சாம்.

ஊர், வல்லக்கோட்டைக்குப் பக்கம். வருஷம் தொண்ணூற்று ஒன்று. வேலிக்கு இந்தப் பக்கம் கனகம், அந்தப் பக்கம் தாயாரம்மாள். தன் தம்பி கல்யாணப் பத்திரிகையை வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கோடு வைக்காமல், கனகம் வேலிக்கு மேலேயே நீட்டிவிட்டாள். அதில் வந்த வினை.

பேச்சுதான் இல்லை. ஜாடைக்குக் குறைவே இல்லை. காலையில் எழுந்ததும் தாயாரம்மாள் கோழிகளைத் திட்ட ஆரம்பிப்பாள். திட்டு யாருக்கு என்று தெருவுக்கே தெரியும்.

கனகத்தின் புருஷன் திருமலை வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, படப்பைக் கோழிப்பண்ணை ஆள் ராஜாமணியிடம் கறிக்கோழிக் குஞ்சு வாங்கி வளர்த்தாள் கனகம். இப்போது வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் குஞ்சுகளை நம்பித்தான்.

அன்றைக்குக் குஞ்சு பார்க்க வந்த ராஜாமணி, கொட்டகைக்குள் தலையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாதிக் குஞ்சுகளுக்கு வால் பக்கம் ரத்தம். ஒன்று ஓட, நாலைந்து துரத்தித் துரத்திக் கொத்தின. மூலையில் ஒன்று செத்துக் கிடந்தது.

"இன்னாம்மா இது? ஒண்ணை ஒண்ணு தின்னுதுங்க!"

"ஒரு வாரமா இப்படித்தாண்ணா."

"இப்படியே போனா ஒண்ணும் தேறாதும்மா. அடுத்த தபா உனக்குக் குஞ்சு குடுக்க எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

கனகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எல்லாம் அவ வாய்தாண்ணா."

"வாய் கொத்துமா?"

"கொத்துது! எடம் இல்லாத எடத்துல இத்தினியையும் அடைச்சா ஒண்ணை ஒண்ணு கொத்திக்காம கொஞ்சிக்கினா கெடக்கும்னு கத்துறா. எங்க வூட்ல ஒரே ரூம்ல மாமனார், மாமியார், கொழுந்தன்னு எல்லாரும் கெடக்கறோமில்ல, அதைக் குத்திக் காட்டுறா!"

"சரி..."

"புதுசா லைட்டைக் கண்டவங்க மாதிரி ராப்பகலா இன்னா மினுக்கு, கண்ணு கூசுனா வெறி புடிக்காதான்னா. எனக்கு வந்துச்சே கோவம்! இருந்த பல்பு பத்தாதுன்னு, இன்னும் பெரிய பல்பா ஒண்ணு மாட்டுனேன்."

ராஜாமணி நிமிர்ந்து பல்பைப் பார்த்தார். "அப்புறம்?"

"ரத்தம் பட்டதைத் தனியாப் பிரிச்சு வுட்டு வேப்பெண்ணெய் தடவுனா, கசப்புக்கு எந்த மூதேவியும் வாய் வைக்காதாம். எங்க மாமியாருக்கு என்னைப் பிரிச்சு வுடச் சொல்லித் தர்றா. இன்னாவொரு நெஞ்சழுத்தம் பாருங்க!"

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த திருமலை எழுந்து உட்கார்ந்தான். "என்னைச் சொன்னதைச் சொல்லு."

"அதைச் சொல்லவே வாய் கூசுது. வேலை இல்லாம குந்திக்கினு இருந்தா சண்டைதான் வரும், நாலு கீரைத் தழையைக் கட்டித் தொங்கவுட்டா அதைக் கொத்திக்கினு கம்முனு கெடக்கும்னாண்ணா. கம்பெனி மூடுனதுக்கு இவரு இன்னா பண்ணுவாரு?"

ராஜாமணி வேலிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வேற எதுனா சொன்னாங்களா?"

"இதுவே பத்தாதா?"

"இல்லம்மா. நான் சொல்ல வந்தது எல்லாத்தையும் அந்தம்மாவே சொல்லி முடிச்சிடுச்சு. எதுனா விட்டுப்போச்சான்னு பாக்கறேன். அந்த மூதேவி ஒண்ணைத்தான் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

கனகம் விழித்தாள்.

"குஞ்சு கொத்திக்கிறதுக்கு வைத்தியமே இதாம்மா. எடத்தைப் பெருசாக்கு. பல்பைக் கழட்டிட்டு சின்னதாப் போடு. அடிபட்டதைப் பிரிச்சு வச்சு வேப்பெண்ணெய் தடவு. கீரையைக் கட்டித் தொங்கவுடு. கோழி வளர்த்த அனுபவம், அந்தம்மா பாட்டுக்குத் தன் கோழியைத் திட்டிக்கினு இருக்கு. நீ இன்னாத்துக்கு அதை உனக்குன்னு எடுத்துக்கினே?"

திருமலை எழுந்து போய்ப் பல்பைக் கழற்றினான்.

தட்டியைத் தள்ளிக் கட்டிக் கொட்டகையை அகலமாக்கினார்கள். அகத்திக்கீரையைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டதும் குஞ்சுகள் எம்பி எம்பி அதைக் கொத்தின. ஒன்றின் வாலை ஒன்று திரும்பிப் பார்க்கக்கூட அதுகளுக்கு நேரமில்லை. சில நாளில் புண் ஆறி, பொட்டு பொட்டாக இறகு முளைத்தது.

கனகத்துக்கு மனசு கேட்கவில்லை. பாவம், தன் கோழியைத் திட்டியவளைப் போய் எத்தனை சபித்துவிட்டோம்! நல்ல குஞ்சாக இரண்டைக் கூடையில் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனாள்.

தாயாரம்மாள் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, எங்க குஞ்சுங்க பொழைச்சிக்கிச்சு. நீங்க உங்க கோழிங்களைத் திட்டுனதுல எனக்கும் வைத்தியம் கெடைச்சுது. நான்தான் புரியாம என்னென்னமோ நெனைச்சிக்கினேன். மனசுல வச்சிக்காதீங்க."

புளிங்கொட்டை மட்டும் முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இந்த ரெண்டையும் உங்க கோழிங்களோட வுட்டு வளருங்கக்கா."

சொல்லிக்கொண்டே கோழிக் கூண்டு பக்கம் திரும்பினாள் கனகம். கூண்டு நிறைய விறகு அடுக்கியிருந்தது.

"எங்கக்கா கோழிங்க? மேயப் போயிருக்கா?"

தாயாரம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கூடையிலிருந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வாலைத் திருப்பிப் பார்த்து, புண் ஆறிய இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். பிறகு இரண்டையும் முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏதுடி கோழி? இருந்ததெல்லாம் போன ஆடியிலயே கழிச்சல் வந்து செத்துப்போச்சு" என்றபடியே உள்ளே நடந்தாள்.